நாவல் பாதியில் இருக்கும்போது வரும் புதுக் கதைக்கருக்களை என்ன செய்கிறீர்கள்?

அச்சுக்கோப்பு எழுதியது:

வணக்கம். நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சகம் நடத்தும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை, ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் தொடங்கி கம்ப்யூட்டர் வந்து அந்தக் கூடமே காலியாகிற வரைக்கும் போகிறது. பாதியைத் தாண்டிவிட்டேன். இரண்டாவது மகன் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிற இடத்தில் இப்போது நிற்கிறேன். நாவல் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மனசு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்" என்கிற பதில் எனக்கு உதவாது.

விஷயம் என்னவென்றால், இந்த இடத்துக்கு வந்ததிலிருந்து புதுப்புதுக் கதைகளாக வந்து விழுகின்றன. பஸ் நிலையத்தில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறையில் வேலை பார்க்கிற ஒருவர், வருடக்கணக்கில் யாரும் கேட்டு வராத ஒரு பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறார். அக்கா தங்கை இரண்டு பேர், அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்கிறார்கள், ஒருத்தி ஓர் அறையை மட்டும் பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்க மறுக்கிறாள். பேச வராதவன்போல நடித்தே ஒரு ஊரில் பல வருடம் வாழ்ந்துவிட்ட ஒருவன். இவை மூன்றும் கொஞ்ச நாளைக்குள் வந்தவை, ஒவ்வொன்றும் வரும்போது முதல் வரியோடு வருகிறது, அந்தப் பேச மறுப்பவன் கதைக்குக் கடைசி வரிகூட வந்துவிட்டது.

வந்த உடனே ஓரமாகக் குறித்துவைக்கலாம் என்று உட்கார்ந்தால் அந்தக் குறிப்பே நாலு பக்கம் போகிறது, அன்றைக்கு நாவலுக்கு வைத்திருந்த நேரம் அதிலேயே போய்விடுகிறது. குறிக்காமல் விட்டால் அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நாவலில் ஒரு பத்தி எழுதுவதற்குள் பத்து தடவை எட்டிப் பார்க்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: எவ்வளவு குறித்தால் போதும், எங்கே குறிப்பது? நடுவில் ஒரு சிறுகதையை எழுதி முடித்துவிட்டுத் திரும்பினால் நாவலின் சூடு ஆறிவிடுமா? அப்புறம் முக்கியமானது, புதுக் கரு உண்மையிலேயே நல்ல கருவா, இல்லை நாவலின் கடினமான பகுதியிலிருந்து தப்பிக்க மனசு காட்டுகிற வழியா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? நீளமான ஒன்றை எழுதி முடித்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


மைக்கூடு எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. "இந்த இடத்துக்கு வந்ததிலிருந்து" என்கிறீர்கள். முதல் தலைமுறையை எழுதிக்கொண்டிருந்தபோது இந்த வெள்ளம் வரவில்லை, மகன் கிளம்புகிற இடத்தில் வந்திருக்கிறது. ஒரு கரு எப்போது வந்தது, அந்த நேரத்தில் நாவலில் எந்தக் காட்சி முன்னால் இருந்தது என்பதைக் கருவோடு சேர்த்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், கொஞ்ச காலத்திலேயே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்துவிடும். எனக்குப் பெரும்பாலும் இரண்டு பாத்திரங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டிய காட்சிக்கு முந்தின நாள் வரும். வேறு சிலருக்குப் போன அத்தியாயத்தில் ஏதோ பொய்யாக எழுதியிருப்பார்கள், அது உள்ளுக்குள் உறுத்தும், அப்போது வரும்.

ஆனால் அதற்காகக் கரு மோசமானது என்று ஆகிவிடாது. தப்பிக்கிற நேரத்தில் வந்த கரு பிரமாதமாக இருக்கலாம். வந்த நேரம் கருவின் தரத்தைச் சொல்லாது, நாவலின் நிலைமையைத்தான் சொல்லும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

இன்னொன்று. புதுக் கரு ஏன் அவ்வளவு அழகாகத் தெரிகிறது என்றால் அதில் இன்னும் வாக்கியம் இல்லை. உங்கள் நாவலில் ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் இருக்கின்றன, அதில் நூறாவது சுமாராக இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். பெட்டி அறைக்காரருக்கு அந்தச் சங்கடம் எதுவும் வரவில்லை. நாவலின் இருபதாவது அத்தியாயத்தையும் புதுக்கதையின் முதல் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்போதும் முதல் வரிதான் ஜெயிக்கும். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் நாவலின் முதல் வரி உங்களுக்குத் தோன்றிய அந்த நாளோடு ஒப்பிடுங்கள். அன்றைக்கு அதுவும் இப்படித்தான் மின்னியிருக்கும்.

மண்டைக்குள் சுற்றுவதைப் பற்றி. ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் நன்றாக நினைவில் நிற்பதாகச் சொன்னார். பின்னால் வந்த எல்லாச் சோதனைகளிலும் அது அப்படியே உறுதியாகவில்லை, அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் மாஸிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும். முடிக்காத ஒரு காரியத்தை நினைவூட்டிவிட்டு வேறொன்றைப் படிக்கச் சொன்னால் அந்தக் காரியம் குறுக்கே வந்து தொந்தரவு செய்கிறது. ஆனால் அதை எப்போது எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதியவர்களுக்கு அந்தத் தொந்தரவு குறைந்துவிட்டது, காரியத்தை அவர்கள் முடிக்கவே இல்லை, திட்டம் மட்டும்தான் போட்டார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, கருவை மட்டும் எழுதினால் போதாது. குறிப்பின் அடியில் அதற்கு ஒரு நேரம் கொடுக்க வேண்டும். "இரண்டாம் பாகத்தின் முதல் வரைவு முடிந்த வாரம் இதைத் திறந்து படிப்பேன், பிடித்திருந்தால் சிறுகதையாக எழுதுவேன்" என்று எழுதுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று எழுதினால் மனசு நம்பாது, திரும்பத் திரும்ப வந்து கேட்கும்.


நடைவண்டி எழுதியது:

மைக்கூடு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இரண்டு ஓரங்களில் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள், ஒன்று நாலு பக்கம், இல்லை நாலு வார்த்தை.

நாலு வார்த்தை என்றால் இப்படி: "தொலைந்த பொருள் அறை, பெட்டி, தயக்கம்." ஒரு வருடம் கழித்து இதைப் பார்த்தால் ஒன்றும் ஓடாது. பெட்டி ஞாபகம் வரும், ஆனால் அன்றைக்கு அது ஏன் உங்களைப் பிடித்து உலுக்கியது என்பது வராது. சம்பவத்தை எப்போது வேண்டுமானாலும் யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம், அந்த ஈர்ப்பை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குச் சரியாக வருவது இந்த அளவு. உங்கள் கதையையே எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்:

"தொலைந்த பொருட்கள் அறை. ஆளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பெட்டியில் பூட்டு இல்லை, கயிறுதான் கட்டியிருக்கிறது, ஆகவே திறப்பது சுலபம், அதுதான் அவருக்குக் கஷ்டம். விதிப்படி குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு ஏலத்துக்கு அனுப்ப வேண்டும், இவர் ஒவ்வொரு முறையும் தேதியை மாற்றி எழுதுகிறார். முதல் வரி: 'குடைகளுக்கு மட்டும் யாரும் திரும்பி வருவதில்லை.' எனக்கு ஏன் பிடித்தது: யாரோ ஒருவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் அவருக்காக நம்பிக்கொண்டிருப்பது. குரல்: பதிவேடு எழுதுகிறவரின் வறண்ட குரல், உணர்ச்சி வெளியே தெரியக் கூடாது."

அவ்வளவுதான். சம்பவம் இரண்டு மூன்று வரி, வந்த வாக்கியம் வந்தபடியே, ஏன் பிடித்தது என்று ஒரு வரி, குரல் எப்படி என்று ஒரு வரி. இதில் "ஏன் பிடித்தது" என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கடைசி வரி வந்தால் அதையும் எழுதிவிடுங்கள். நடுவில் என்ன நடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் யார், அவர் மகள் என்ன படிக்கிறாள் என்று போக ஆரம்பித்தால் பேனாவை வையுங்கள், அது குறிப்பு இல்லை, கதையையே எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எங்கே என்றால், நாவல் இருக்கும் ஃபைலில் வேண்டவே வேண்டாம். நாவலைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். தனி நோட்டு, அல்லது போனில் தனியாக ஒரு இடம். வாய்ஸ் நோட் எடுப்பவர்கள் வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து எழுத்தாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது குவிந்துபோகும், குவிந்த ஒலிப்பதிவை யாரும் கேட்பதில்லை. தேதி போடுங்கள். இதற்கு மேல் நிறம் பிரிப்பது, வகை பிரிப்பது, மதிப்பெண் கொடுப்பது எதுவும் தேவையில்லை, அதைச் செய்கிற நேரத்தில் நாவலில் ஒரு பக்கம் எழுதிவிடலாம். அகதா கிறிஸ்டி விட்டுப்போன குறிப்பேடுகள் 73 இருக்கின்றன, அவற்றில் எந்த ஒழுங்கும் கிடையாது, ஒரு நாவலின் குறிப்புக்கு நடுவில் இன்னொரு நாவலின் குறிப்பு, அதற்குப் பக்கத்தில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல். அந்த ஒழுங்கில்லாத நோட்டுகளிலிருந்துதான் பல வருடம் கழித்துக்கூட ஒரு பழைய கருவை எடுத்து அவர் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு கரு எழுத்தாக ஒரு இடத்தில் இருந்தால் போதும், அலமாரி அழகாக இருக்க வேண்டியதில்லை.


வெறுங்கை எழுதியது:

நான் எதையும் குறிப்பதில்லை. நல்ல கரு என்றால் தானாகத் திரும்பி வரும், வராவிட்டால் அது நம்முடையது இல்லை. மறதியைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரியவில்லை. நாவல் எழுதுகிறீர்களா, நாவலை எழுதுங்கள்.


நடைவண்டி எழுதியது:

வெறுங்கை, கரு திரும்பி வரும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த வாக்கியம் திரும்பி வராது. "குடைகளுக்கு மட்டும்" என்று தொடங்கிய ஒரு குரல், ஒரு வருடம் கழித்து வேறு குரலாகத்தான் வரும். அதோடு, அவருக்கு மறதி வந்தால்தான் பிரச்சினையே இல்லையே, மறக்காமல் சுற்றுகிறது என்றுதானே கேட்டிருக்கிறார். உங்களுக்கு அது வேலை செய்கிறதென்றால் மகிழ்ச்சி, ஆனால் எல்லா மனசும் அப்படி அடங்குவதில்லை.


இடைவேளை எழுதியது:

நடுவில் சிறுகதை எழுதலாமா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் நான் வருகிறேன். எழுதலாம். தாராளமாக எழுதலாம். நாவல் எழுதுகிறவன் வேறு எதையும் தொடக் கூடாது என்று ஒரு விரதம் மாதிரி சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பெரிய ஒன்றை எழுதும்போது முடிக்கிற அனுபவமே கிடைக்காது, வருடக்கணக்கில் எல்லாமே நடுவில்தான் இருக்கும். ஒரு சிறுகதையை எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், நம்மால் ஒன்றை முடிக்க முடியும் என்று கைக்குத் தெரிகிறது. அது நாவலுக்குத்தான் பலம்.

மார்க் ட்வைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹக்கிள்பெரி ஃபின் நாவலை 1876இல் தொடங்கினார், கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது, வைத்துவிட்டார். இடையில் வேறு புத்தகங்கள் எழுதினார், 1881இல் ஒரு நாவல் வந்தது, 1883இல் மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய புத்தகம் வந்தது. திரும்பித் திரும்பி வந்து 1883இல்தான் கையெழுத்துப் பிரதியை முடித்தார், 1884 கடைசியில் இங்கிலாந்தில் வெளியானது. எழுதும்போது தொட்டி வற்றிவிடும், விட்டுவைத்தால் தானாக நிரம்பும் என்பது அவருடைய அனுபவம். அந்த மிசிசிப்பிப் புத்தகத்துக்காக அவர் 1882இல் மறுபடி ஆற்றுக்குப் போனதும், ஆற்றிலேயே நடக்கிற அந்த நாவலை அதற்கு அடுத்த வருடம் முடித்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு அச்சுக்கோப்பு இன்னொரு நாவலைத் தொடங்கிவிட வேண்டாம். என் கணக்கு இது: இடையில் எழுதுவது முடியக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுகதை, சரி. குறுநாவல் என்று ஆசை வந்தால் ஜாக்கிரதை, அதற்கு நடுப்பகுதி உண்டு, நடுப்பகுதி உள்ள எதுவும் இதே பள்ளத்தில் உங்களைக் கொண்டுபோய் விடும், அப்போது ஒன்றுக்கு இரண்டாக நிற்கும். நீங்கள் சொன்ன மூன்றில் பெட்டி அறைக்காரர் சிறுகதை, பார்த்தாலே தெரிகிறது, ஒரே இடம், ஒரே ஆள், ஒரே முடிவு. பேச மறுப்பவன் நாவலாக வளரக்கூடியவன், அவனை இப்போது தொடாதீர்கள், கடைசி வரி வந்துவிட்டது என்கிறீர்கள், அந்த ஆசையே போதும் உங்களை இழுத்துப்போக.

அப்புறம், எந்த இடத்தில் விடுகிறீர்கள் என்பது முக்கியம். மாட்டிக்கொண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த மகன் கிளம்புகிற காட்சியை மோசமாகவாவது எழுதி, அதற்கு அடுத்த காட்சியின் முதல் பத்தியையும் எழுதிவிட்டு, "அடுத்து அப்பா கூடத்துக்கு வருகிறார், மகனின் இடம் காலியாக இருக்கிறது, யாரிடமும் கேட்க மாட்டார்" என்கிற மாதிரி நாலு வரி உங்களுக்கே எழுதிவைத்துவிட்டுப் போங்கள். சூடு ஆறுவதற்குக் காரணம் இடைவெளி மட்டும் இல்லை. திரும்பி வரும்போது எங்கிருந்து நுழைவது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பதுதான் பெரிய காரணம்.


செம்மைப்படி எழுதியது:

நான் பிரதி மேம்படுத்தும் வேலை பார்க்கிறேன், பிறர் எழுதிய நாவல்களைத்தான் அதிகம் படிக்கிறேன், அதனால் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

உங்கள் மூன்று கருக்களையும் சேர்த்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். திறக்காத பெட்டி. பூட்டிய அறை, கொடுக்காத சாவி. பேசத் தெரிந்தும் பேசாதவன். மூன்றிலும் யாரோ ஒருவர் எதையோ அடக்கிவைத்திருக்கிறார், சுற்றி இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. நாவலில் நீங்கள் நிற்கிற இடம் எது? ஒரு மகன் வீட்டைவிட்டுப் போகிற இடம். ஏன் போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே எழுதவில்லை என்கிறேன். நாவலில் எழுதியிருக்கிறீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய படைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிற கருக்கள் எல்லாமே அந்நியமானவை என்று நினைக்க வேண்டியதில்லை. சிலது நாவலின் கேள்விதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும். நேராக வந்தால் நீங்கள் உள்ளே விடமாட்டீர்கள், ஏனென்றால் அந்தக் காட்சி கஷ்டமானது, அதனால் பஸ் நிலையம் வழியாகச் சுற்றி வருகிறது. இது எல்லாக் கருவுக்கும் பொருந்தாது. அடுத்தடுத்து வருகிற கருக்களில் ஒரே சாயல் இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். ஒன்று பேய்க்கதை, ஒன்று காதல் கதை, ஒன்று கிரிக்கெட் என்று வந்தால் அது வெறும் கற்பனை வளம், மகிழ்ச்சியாகக் குறித்துவைத்துக்கொண்டு போகலாம்.

நாவலை விட்டுவிடும்படி யாரும் சொல்ல வேண்டாம் என்றீர்கள், சொல்லவில்லை. ஆனால் விடுவதற்கும் நேரம் உண்டு, மற்றவர்களுக்காக அதையும் சொல்லிவைக்கிறேன். புதுக் கரு வந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். எழுதினவரைக்கும் முழுவதையும் முதலிலிருந்து ஒரே மூச்சில் படித்துவிட்டு எடுங்கள். நாவல் எந்தக் கேள்வியோடு தொடங்கியதோ அந்தக் கேள்வி இன்னும் உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். செய்கிறது என்றால் பிரதி எவ்வளவு கோணலாக இருந்தாலும் மேலே போகலாம், கோணலைத் திருத்த என்னைப்போன்ற ஆட்கள் இருக்கிறார்கள். கேள்வியே உங்களுக்குத் தீர்ந்துபோய்விட்டது, விடை தெரிந்துவிட்டது, அதில் ஆர்வம் இல்லை என்றால் அதை இழுத்துப் பிடித்து முடித்தாலும் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். பத்திரிகைக்குத் தொடராக எழுதுகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, கல்கி பொன்னியின் செல்வனை 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் எழுதினார், நடுவில் என்ன கரு வந்திருந்தாலும் அடுத்த வாரம் அத்தியாயம் போயாக வேண்டும். கெடு இல்லாமல் தனியாக எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த முடிவை எடுக்கிற பாரம் முழுவதும் தோளில் விழுகிறது.


அச்சுக்கோப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செம்மைப்படி கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு நாவலை எடுத்துப் பார்த்தேன். மகன் போவது ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. "சித்திரை பிறந்த மறுநாள் அவன் போய்விட்டான்." ஏன் என்று எங்கேயும் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை என்று அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறேன், அந்தக் குடும்பம் அப்படிப்பட்டது, அது சரிதான். ஆனால் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா. எனக்கும் தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கும்போதெல்லாம் கை நிற்பதற்கு இதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது, அவன் எதற்காகப் போனான் என்று தெரியாமல் அவன் இல்லாத வீட்டை எழுத முடியவில்லை.

நடைவண்டி சொன்ன மாதிரி மூன்று கருவையும் அந்த அளவில் எழுதிப் பார்த்தேன். "ஏன் பிடித்தது" என்கிற வரியில்தான் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். சாவி கொடுக்காத தங்கைக்கு நான் எழுதியது: "அறைக்குள் ஒன்றுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது." இதை எழுதும்வரை எனக்கே அது தெரியாது. குடைகளைப் பற்றிய அந்த வரியை, நடைவண்டி, நான் எடுத்துக்கொள்ளலாமா?

இப்போது வேறு குழப்பம். அந்தப் பெட்டியை நாவலுக்குள் கொண்டுவந்துவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது. மகன் போகும்போது அச்சகத்தில் கயிறு கட்டிய ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போகிறான், அப்பா அதைத் திறக்கவே மாட்டார், இப்படி. கூடவே தங்கையையும் சாவியையும் அத்தை பாத்திரத்துக்குக் கொடுத்துவிடலாம். இப்படிச் செய்தால் எல்லாமே ஒரே இடத்துக்கு வந்துவிடும், எதையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை. இது சரியா?


செம்மைப்படி எழுதியது:

அவசரப்படாதீர்கள். புதுக் கருவைத் தனியாக எழுத ஓடுவது ஒரு ஆபத்து என்றால், வந்ததையெல்லாம் நாவலுக்குள் திணிப்பது இன்னொரு ஆபத்து, எனக்கு வருகிற பிரதிகளில் இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நடுப்பகுதியில் திடீரென்று புது ஆட்கள் வருவார்கள், ஒரு கடிதம் கிடைக்கும், ஒரு பெட்டி கிடைக்கும், எல்லாம் தனித்தனியாக நன்றாக இருக்கும், ஆனால் எடுத்துவிட்டால் கதையில் எதுவும் மாறாது.

அதனால் ஒரே ஒரு சோதனை. இந்தப் பெட்டி வந்தால், ஏற்கெனவே நாவலில் இருக்கிற யாராவது ஒருவர் எடுக்கிற முடிவு மாறுகிறதா? பெட்டி இருப்பதால் அப்பா அச்சகத்தை விற்க மறுக்கிறார், மூன்றாம் தலைமுறையில் அதனால் கடன் ஏறுகிறது என்றால் பெட்டி உள்ளே வரலாம், அது கதையைச் சுமக்கிறது. அவர் அதை அடிக்கடி பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், அவ்வளவுதான் என்றால் பெட்டி வேண்டாம். அத்தையும் சாவியும் எனக்கு இப்போதே உறுதியாக வேண்டாம் என்று படுகிறது, ஒரே விஷயத்தை ஒரு நாவலில் இரண்டு பொருள்களை வைத்துச் சொன்னால் இரண்டும் நீர்த்துப்போகும்.

என்னைக் கேட்டால் பொருளை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எடுங்கள். தங்கையின் குறிப்பில் எழுதினீர்களே, உள்ளே ஒன்றுமே இல்லை என்பது வெளியே தெரியக் கூடாது என்று. அதை அப்படியே மகனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் போனதற்கு எல்லோரும் பெரிய காரணம் இருக்கும் என்று நினைக்கிறார்கள், காரணமே இல்லாமல்கூட இருக்கலாம், அந்தக் கூடத்தில் இன்னொரு நாள் நிற்க முடியவில்லை என்பது மட்டும்தான். அது அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அவன் திரும்பி வராமல் இருக்கலாம். நான் சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன், நாவல் உங்களுடையது. இப்படி யோசித்தால் பெட்டி அறைக்காரர் முழுசாக வெளியே மிச்சம் இருப்பார், அவரை இடைவேளை சொன்ன மாதிரி தனிச் சிறுகதையாக எழுதலாம்.


நடைவண்டி எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கதைக்காக வந்த வரிதானே அது.


வரிசையில் ஒருத்தி எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான், ஒரு சின்னக் கேள்வி. தூங்கப் போகும்போது வருகிற கருக்களை என்ன செய்கிறீர்கள்? எழுந்து விளக்கைப் போட்டு எழுதினால் தூக்கம் போய்விடுகிறது, காலையில் எழுந்து நாவலை எழுத முடிவதில்லை. அப்புறம் அக்கா அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள், புதுக் கருவை நண்பர்களிடம் சொல்வதுண்டா? நான் சொல்லிவிடுகிறேன், சொன்ன பிறகு எழுதத் தோன்றுவதில்லை.


மைக்கூடு எழுதியது:

தூங்கும்போது வந்தால் தலைமாட்டில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள், போன் வேண்டாம், அந்த வெளிச்சம் முழுசாக எழுப்பிவிடும். இருட்டிலேயே வந்த வாக்கியத்தை மட்டும் கிறுக்குங்கள், கோடு கோணலாகப் போகட்டும், காலையில் உங்களுக்குப் படிக்க முடிந்தால் போதும். மீதி நாலு வரியைக் காலையில் நாவலுக்குரிய நேரம் முடிந்த பிறகு எழுதுங்கள், முன்னால் எழுதாதீர்கள்.

நண்பர்களிடம் சொல்வது ஆளைப் பொறுத்தது. உங்களுக்குச் சொன்னால் வடிந்துபோகிறது என்றால் சொல்லாதீர்கள், எழுதுகிற நாவலுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஆனால் ஒரு வழி இருக்கிறது: இப்போது உங்களுக்கு நேரமில்லாத ஒரு கரு, நாவலை விடாமல் தொந்தரவு செய்கிறது, அதை எழுதப்போவதும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிகிறது, அப்படிப்பட்ட ஒன்றை வேண்டுமென்றே நண்பரிடம் முழுசாகச் சொல்லிவிடுங்கள். வடிந்துவிடும், நீங்கள் நாவலுக்குத் திரும்பலாம்.

அச்சுக்கோப்பு, மகன் போகிற அத்தியாயம் எழுதினதும் இங்கே ஒரு வரி போடுங்கள், காத்திருக்கிறோம்.